பூவாற் செய்த பெண்

உலகத்துப் பழங்கதைகளிலே பெண்கள் பிறக்கின்றனர், வளர்கின்றனர், மணம் முடித்துக் கொடுக்கப்படுகின்றனர். வேல்ஸ் நாட்டுப் பழங்கதை ஒன்றிலோ, பெண்ணொருத்தி பிறக்கவில்லை, செய்யப்படுகின்றாள். ஒரு வாலிபனுக்கு மனைவி வேண்டியிருந்தது. மண்ணுலகில் அவனுக்குப் பெண் கிடைக்க வழியில்லை. ஆகவே, மாயவித்தையில் வல்ல இருவர் கூடி மூவகைப் பூக்களைக் கொண்டு அவனுக்கென ஒரு பெண்ணை உண்டாக்கினர். அவளுக்குத் தாயில்லை; தந்தையில்லை; உடன்பிறந்தார் இல்லை; குழந்தைப் பருவமும் இல்லை. கண் விழித்தபோதே அவள் மணப்பெண். ‘உனக்குச் சம்மதமா?’ என்று அவளை எவரும் கேட்கவில்லை. புளோடைவெத் என்பது அவள் பெயர்.

அந்தப் பெண் சென்ற நூறாண்டுகளாக நாடகத்திலும் நாவலிலும் தொலைக்காட்சியிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டி வருகின்றாள். அவளை எடுத்தாண்ட எழுத்தாளர்கள் அவள் செய்த குற்றத்தைப் பற்றி நிறையவே பேசியுள்ளனர். அவளிடம் கேட்கப்படாமற்போன அந்த ஒரு கேள்வியை அவர்களுள் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தனர் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலிற் கதையைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் மேற்கே, மலையும் மழையும் மிகுந்த சிறு நாடு வேல்ஸ். ஆங்கிலத்தினும் பழமையான வெல்ஷ் மொழி அந்நாட்டுக்கே உரிய மொழி. அம்மொழியின் பழைய உரைநடைக் கதைகளுள் தலையாயது ‘மபினோகி’. அது நான்கு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியையும் ‘கிளை’ என்பர். 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘ரிதெர்க்கின் வெண்ணூல்’, அந்நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுதப்பட்ட ‘ஹெர்கெஸ்டின் செந்நூல்’ என்னும் இரு ஏடுகளில் அது நமக்குக் கிடைத்துள்ளது. சார்லட் கெஸ்ட் அம்மையார் 1838 முதல் 1849 வரை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட பிறகே வெளியுலகம் இக்கதைகளைப் பரவலாக அறிந்தது. நம் நாயகி நான்காம் கிளையில் வருகின்றாள்.

அரியன்ராட் என்பவள், அவையில் பலரறியத் தன் மானம் குலைந்த காரணத்தால், தான் பெற்ற மகனை ஏற்க மறுக்கின்றாள். அவனை வளர்ப்பவன் அவளுடைய சகோதரன் குவிடியோன். மாயக்காரன், சூழ்ச்சிக்காரன், நாவன்மை படைத்தவன். சினங்கொண்ட தாய் மகன்மீது மூன்று விதிகளைச் சுமத்துகின்றாள். தான் இட்டாலன்றி அவனுக்குப் பெயர் இல்லை. தான் பூட்டினாலன்றி ஆயுதம் இல்லை. இவ்வுலகில் வாழும் எந்த இனத்திலும் அவனுக்கு மனைவி இல்லை. வெல்ஷ் மொழியில் இவ்விதிக்குத் ‘தங்கெட்’ என்று பெயர். அச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் அதற்கு வேலையுண்டு. முதலிரு விதிகளையும் குவிடியோன் வஞ்சகத்தால் வென்றுவிடுகின்றான். பையன் எறிந்த குறி தப்பாததைக் கண்ட தாய், அவன் யாரென்று அறியாமலே வியந்து சொன்ன சொல் அவனுக்குப் பெயராகிவிடுகின்றது: லெய் லாவ் கஃபெஸ், அதாவது கைத்திறம் வாய்ந்த ஒளியோன். மூன்றாம் விதியை வெல்லத்தான் பெண்ணொருத்தியைச் செய்ய வேண்டியதாயிற்று.

ஓக் மரத்தின் பூ, புரூம் என்னும் புதர்ச்செடியின் மஞ்சள் பூ, ஈரநிலங்களில் வளரும் மெடோஸ்வீட் என்னும் வெண்பூ ஆகியவற்றைக் கொண்டு, குவிடியோனும் குவினெத் நாட்டரசன் மாத் என்பவனும் அவளைச் செய்தனர். மனிதர் கண்டவற்றுள் மிக அழகிய பெண் அவள் என்கின்றது ஏடு. திருமண விருந்து நடக்கின்றது. இருவரும் ஓரிரவு கூடியிருக்கின்றனர். அதற்கடுத்து ஏடு என்ன சொல்கின்றது? நிலமில்லாத மனிதன் குடும்பம் நடத்துவது எளிதன்று என்று குவிடியோன் அரசனிடம் பேசுகின்றான். அரசனும் மருமகனுக்கு ஒரு நிலப்பகுதியை வழங்குகின்றான். பெண்ணைப் பற்றிய பேச்சு அவ்வளவே. அவள் வாய் திறந்து ஒரு சொல்லேனும் சொன்னதாக அவ்விடத்தில் இல்லை. மனைவி, நிலம் என்று வரிசையாகப் பையனுக்கு வேண்டியவை சேர்க்கப்படுகின்றன. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் அங்கே சற்று நின்றுவிடுவது வழக்கம். ஏட்டை எழுதியவன் அந்த மௌனத்தை அறிந்தே வைத்தானா, அறியாமல் வைத்தானா என்று வாதிடலாம். நான்காம் கிளை முழுவதும் பெண்களை ஆடவர் தம் தேவைக்குப் பயன்படுத்திய கதையாகவே இருப்பதை நோக்க, அறிந்தே வைத்தான் என்பது என் துணிபு.

அவள் முதன்முதலாகத் தானே ஒன்றைத் தீர்மானிப்பது, கணவன் வெளியூர் சென்ற ஒருநாளில். மானை வேட்டையாடி வந்த பென்லின் நாட்டுத் தலைவன் கிரோனு பெபிர் மாலை மயங்கும் நேரத்தில் அவள் மாளிகை வாசலைக் கடக்கின்றான். இந்நேரத்தில் அவரை அழைக்காமல் போகவிட்டால் நம்மைப் பழிப்பார் என்று அவள் உபசரிக்க முன்வருகின்றாள். அதாவது, பிழை விருந்தோம்பலில் தொடங்குகின்றது! இருவரும் காதல் கொள்கின்றனர், மூன்றிரவுகள் கழிகின்றன, கணவனைக் கொல்லத் திட்டமும் பிறக்கின்றது. லெய்யைக் கொல்வது எளிதன்று. வீட்டினுள்ளும் கொல்ல இயலாது, வெளியிலும் இயலாது. குதிரை மீதிருக்கும்போதும் இயலாது, தரையில் நிற்கும்போதும் இயலாது. ஆற்றங்கரையில் கூரை வேய்ந்த குளியல் தொட்டியின் விளிம்பில் ஒரு காலும் ஆட்டுக்கடாவின் முதுகில் ஒரு காலுமாக நிற்கும்போது, ஞாயிறுதோறும் மக்கள் தேவாலயத்தில் இருக்கும் நேரத்தில் மட்டுமே ஓராண்டு முழுவதும் செய்த ஈட்டியால் எறிய வேண்டும். இத்தனையையும் அந்தப் பேதை மனைவியிடம் சொல்வதோடு நில்லாமல் நின்றும் காட்டுகின்றான். நம் கிஸ்ஸாக்களைக் கேட்டுப் பழகியவர்கள் இவ்விடத்தில் தலையில் அடித்துக்கொள்வர்.

ஈட்டி பட்ட லெய் கழுகாகிப் பறந்துவிடுகின்றான். குவிடியோன் தேடிக் கண்டு, அவனை மீண்டும் மனிதனாக்கிக் குணப்படுத்துகின்றான். பின்னர்ப் பழிவாங்கல். கிரோனு தனக்கும் ஈட்டிக்கும் நடுவே ஒரு கற்பலகையைப் பிடித்துக்கொள்கின்றான். ஈட்டி கல்லையும் துளைத்து அவனையும் துளைக்கின்றது. புளோடைவெத்தைக் குவிடியோன் கொல்லவில்லை. அதனினும் கொடியதைச் செய்கின்றான். பகலில் முகங்காட்ட இயலாமலும், மற்றப் பறவைகளெல்லாம் பகைத்துக் கொத்தும்படியாகவும் அவளை ஆந்தையாக்கிவிடுகின்றான். முன்பு அவள் பெயர் ‘புளோடையெத்’, அதாவது பூக்கள். ஆந்தையான பின்பே ‘புளோடைவெத்’, அதாவது பூமுகம். ஆந்தையின் வட்ட முகம் மலர்ந்த பூவைப் போன்றிருப்பதால் அப்பெயர்.

ஆந்தை என்றவுடன் அரபு இலக்கியம் பயின்றவர்க்கு வேறொரு பறவை நினைவுக்கு வரும். கொலையுண்டவனுக்காகப் பழி வாங்கப்படாவிடில், அவன் தலையிலிருந்து ‘ஹாமா’ என்னும் ஆந்தை புறப்பட்டு, ‘எனக்குப் பருகத் தாருங்கள்’ என்று கூவிக்கொண்டேயிருக்கும் என அறியாமைக் காலத்து அரபிகள் நம்பினர். அந்நம்பிக்கைக்கு இடமில்லை என நபிமொழி மறுத்துவிட்டது. அது நிற்க. அரபிகளின் ஆந்தை வழக்குத் தொடுக்கும் பறவை. வேல்ஸ் ஆந்தையோ தீர்ப்பளிக்கப்பட்ட பறவை. ஆயினும், இந்த ஆந்தைக்கும் ஒரு வழக்கு உண்டு. அதை எவரும் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இனி, இக்காலத்தார் அவளை எங்ஙனம் கண்டனர் என்பதற்கு வருவோம். எளிதிற் கடந்து செல்லத்தக்கவற்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் வெளியிட்ட ‘வெள்ளைத் தேவி’ என்னும் நூலில் அவளை ஆதிகாலப் பெண் தெய்வத்தின் ஒரு முகமாகக் காண்கின்றார். லெய் பலியிடப்படும் மன்னன். கிரோனு அவனுக்கு மாற்றாக வருபவன். அவள் காதலித்துக் கொல்லும் தேவி. வெல்ஷ் மொழிப் புலவர்கள் இதனை ஏற்கவில்லை. எனினும் கதை எழுதுவோர் பலரை இந்நூல் பிடித்து ஆட்டியது. என் குறை வேறு. பெண்ணைத் தேவியாக்கிவிட்டால் அவளிடம் சம்மதம் கேட்க வேண்டிய தேவை இல்லாமற்போகின்றது. மேடையேற்றிக் கும்பிடுவதும், கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்று.

அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்ஸாண்டர் 1964 முதல் 1968 வரை சிறுவர்களுக்காக எழுதிய ‘பிரிடெய்ன்’ நாவல்கள் ஐந்தும் உலகப் புகழ் பெற்றவை. போர்க்காலத்தில் வேல்ஸில் தங்கியிருந்தவர் அவர். ஐந்தாவது நாவலுக்கு அமெரிக்காவின் நியூபெரி பதக்கமும் கிடைத்தது. இனிய நடை, நல்ல நகைச்சுவை. அவற்றில் குவிடியோன் எப்படி வருகின்றான் என்கின்றீர்கள்? மாசற்ற இளவரசனாக! ஏட்டிலுள்ள குவிடியோன் பன்றிகளை ஏமாற்றிக் கவர்ந்து, அதனால் ஒரு போரையே மூட்டியவன்; கோயவின் என்னும் கன்னிக்குத் தம்பி இழைத்த கொடுமைக்கு வழி செய்தவன். இங்கோ அவன் குறி சொல்லும் பன்றி ஒன்றைக் காக்கப் பாடுபடுகின்றான். புளோடைவெத்துக்கு இக்கதைகளில் இடமில்லை. செய்தவனை வெள்ளையடித்த பிறகு செய்யப்பட்டவளை எங்கே வைப்பது? 1985இல் டிஸ்னி நிறுவனம் இந்நாவல்களிலிருந்து எடுத்த ‘கருங்கொப்பரை’ப் படத்தில் குவிடியோனும் காணாமற் போய்விட்டான், ஒரு வகையில் அது மேல்.

வேல்ஸின் முதல் தேசியக் கவிஞராக 2005இல் அமர்த்தப்பட்ட குவினெத் லூயிஸ் அம்மையாரின் ‘இறைச்சி மரம்’ (2010) இவ்வரிசையில் வைக்கத்தக்கதன்று. எதிர்காலத்தில், கைவிடப்பட்ட விண்கலம் ஒன்றைச் சோதிக்க வரும் ஆய்வாளர் இருவர், அதிலுள்ள மாய விளையாட்டு ஒன்றினுள் நுழைகின்றனர். விளையாட்டு நான்காம் கிளையாக விரிகின்றது. ஆடவன் பெண்ணாகவும் பெண் ஆடவனாகவும் வேடம் மாறி அக்கதையை உள்ளிருந்து அனுபவிக்கின்றனர். அவள் இடத்தில் நின்று பார் என்று சொல்லுதற்கு இது நேரான வழி. சற்று மூளைக்கு வேலை அதிகம், இளையோர்க்குப் பிடிக்கும்.

நாம் தங்கி ஆராய வேண்டியவை இரண்டு. ஒன்று நாடகம், மற்றொன்று நாவல்.

நாடகம் சாண்டர்ஸ் லூயிஸ் (1893–1985) எழுதியது, பெயரும் ‘புளோடைவெத்’தே. முதலிரு அங்கங்கள் 1923இலும் 1925இலும் வெல்ஷ் மொழி இதழொன்றில் வந்தன. பின்னர் இருபதாண்டுகளுக்கு மேல் நாடகம் நின்றுபோயிற்று. அந்த இடைவெளியில் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார்? 1925இல் வேல்ஸ் தேசியக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1936இல் லீன் தீபகற்பத்தில் ஆங்கில அரசு அமைத்த குண்டுவீச்சுப் பயிற்சிக் கூடத்துக்குத் தோழர் இருவருடன் தீ வைத்துவிட்டு, தாமே காவலரிடம் சென்று ஒப்புக்கொண்டார். ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கல்லூரி விரிவுரையாளர் பதவியையும் இழந்தார். அதற்குப் பின்னரே நாடகத்தை முடித்தார். 1948இல் கார்தெவின் அரங்கில் அது நடிக்கப்பட்டது.

இவ்வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணமுண்டு. குலம், நிலம், மொழி, முன்னோர் வழி என்பவையே மனிதனை மனிதனாக்குகின்றன என்று நம்பி, அதற்காகச் சிறை சென்ற ஒருவர், இவற்றுள் ஒன்றுமே இல்லாத பெண்ணை நாயகியாக வைத்து எழுதினார். அவருடைய புளோடைவெத் தனக்கு உறவு என்று சொல்ல ஒருவருமில்லையே என்று புலம்புகின்றாள். ஏட்டில் மௌனமாயிருந்தவள் இங்கு வாய் திறந்துவிட்டாள், நன்றாகவே பேசுகின்றாள். நாடகத்தின் மிகச் சிறந்த பேச்சுகள் அவளுடையவையே. காற்றையும் காட்டையும் போன்ற ஓர் உயிரைப் பிடித்து மாளிகையில் அடைத்து, குலமகளாய் இரு என்று சொன்னது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை ஆசிரியர் நன்கறிவார்.

அறிந்தும் அவளையே தண்டிக்கின்றார். இங்குதான் நான் அப்பெரியவரோடு மாறுபடுகின்றேன். முடிவில் கிரோனு அவளுடன் தப்பியோட மறுத்து, தன் நாட்டையும் மரபையும் நினைந்து மரணத்தை ஏற்க முன்வருகின்றான். வேருள்ளவன் மீண்டான், வேரில்லாதவள் இருட்டில் மறைந்தாள் என்பதே நாடகம் உணர்த்தும் முடிபு. வேரில்லாமை அவள் தேடிக்கொண்டதா? பறித்த பூவைப் பார்த்து, உனக்கு வேரில்லையே என்று குற்றஞ்சாட்டுவது நீதியாகுமா? பறித்தவனைக் கூண்டிலேற்றியிருக்க வேண்டாமா? குவிடியோன் நாடகத்திலும் தீர்ப்பளிப்பவனாகவே நிற்கின்றான். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: தாம் தண்டிக்கப்போகும் பெண்ணுக்கே தம் மிகச் சிறந்த கவிதையைக் கொடுத்த ஆசிரியரின் நேர்மை சாமானியமானதன்று. இதே லூயிஸ் 1962இல் வானொலியில் நிகழ்த்திய உரையின் தலைப்பு ‘மொழியின் விதி’. வெல்ஷ் மூலத்தில் அங்கும் ‘தங்கெட்’ என்ற அதே சொல்தான். அவ்வுரையின் விளைவாக அவ்வாண்டிலேயே வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. தாய் மகன்மீது சுமத்திய விதிக்குரிய சொல், நாடு தன் மொழிக்கு நேரவிருப்பதை எண்ணிக் கலங்கும் சொல்லாயிற்று.

நாவல் ஆங்கிலேயர் ஆலன் கார்னர் எழுதியது: ‘ஆந்தைப் பாத்திரங்கள்’, 1967. இளைஞர்க்கான நூலாக வெளிவந்து, இங்கிலாந்தின் கார்னெகி பதக்கத்தையும் கார்டியன் பரிசையும் பெற்றது. கிரனாடா நிறுவனம் எட்டு வாரத் தொடராக்கி 1969 டிசம்பர் முதல் 1970 பிப்ரவரி வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. தொடருக்கு வசனம் எழுதியவரும் கார்னரே. பொதுமக்களிடையே புளோடைவெத்தின் பெயரைக் கொண்டுசேர்த்ததில் இதற்கு ஈடு வேறில்லை.

வேல்ஸின் பள்ளத்தாக்கொன்றில் ஆங்கிலக் குடும்பத்துக்கு ஒரு கோடைவீடு. அலிசன் என்னும் பெண்; அவள் தாயின் இரண்டாம் கணவனுடைய மகன் ரோஜர்; வீட்டுவேலை செய்யும் நான்சியின் மகன் குவின். பரணில் யாரோ சுரண்டும் ஓசை கேட்கின்றது. ஏறிப் பார்த்தால் அடுக்கடுக்காய் உணவுத் தட்டுகள். தட்டின் ஓரத்திலுள்ள பூ வேலைப்பாட்டை ஒருவிதமாகக் காகிதத்தில் படியெடுத்து மடித்தால் ஆந்தையாகின்றது. அலிசன் மடித்த காகித ஆந்தைகள் காணாமற்போகின்றன. தட்டிலிருந்த கோலமும் மறைந்துவிடுகின்றது. அப்பள்ளத்தாக்கில் தலைமுறைக்கொரு முறை மூவர் கூடிப் பழைய கதையை மீண்டும் நடத்தியே தீர வேண்டியிருக்கின்றது என்பது மெல்ல விளங்குகின்றது. முந்திய தலைமுறையில் அந்தப் பெண் நான்சியே. குவினின் தந்தை, கிறுக்கன் என எல்லாரும் எள்ளும் தோட்டக்காரன் ஹியூ.

கார்னரின் பெருமை இதுதான்: அவர் மாயத்தை விட்டுவிட்டு, அம்மாயம் குடிகொள்ளும் இடங்களைக் காட்டுகின்றார். அலிசனைத் தாய் எப்படி அடக்குகின்றாள்? குவினுடன் பேசினால் பாட்டுக் குழுவும் இல்லை, டென்னிஸ் சங்கமும் இல்லை. குவினைத் தாய் எப்படி அடக்குகின்றாள்? பள்ளியை நிறுத்திக் கடை வேலைக்கு அனுப்பிவிடுவேன். கோலும் மந்திரமும் வேண்டியதில்லை. பெற்றோரின் இத்தகைய சொற்களே பிள்ளைகளைச் ‘செய்ய’ப் போதுமானவை. அலிசனின் தாய் நாவலில் ஓரிடத்திலும் நேரில் தோன்றுவதில்லை. அவள் விருப்பம் மட்டும் வீடெங்கும் நடமாடுகின்றது. என்ன நுட்பம்! பெற்றோராகிய நாம் இந்நாவலைச் சற்றுக் கூச்சத்துடனேயே வாசிக்க நேரும்.

கதை அறிந்த ஹியூ சொல்லும் செய்தியே நாவலின் உயிர். அவள் பூவாயிருக்க விரும்புகின்றாள். நீங்கள்தாம் அவளை ஆந்தையாக்குகின்றீர்கள் என்பது அதன் பொருள். எழுநூறாண்டுப் பழங்கதைக்கு இதனினும் நேர்மையான உரை நான் கண்டதில்லை. தட்டிலிருப்பது ஒரே கோலம். ஆந்தையென்று காண்பவனுக்கு ஆந்தை, பூவென்று காண்பவனுக்குப் பூ. முதன்முதலாக, குற்றம் அவளிடமிருந்து அவளைச் சூழ நிற்பவர்களிடம் இடம் மாறுகின்றது.

ஆனால், அவளைப் பூவாக்குபவன் யார்? குவின் அல்லன். ரோஜர். நீ ஆந்தை இல்லை, பூ என்று எளிய சொற்களால் அவளைத் தேற்றுகின்றான். அறை முழுவதும் பூவிதழ்கள் நிறைகின்றன. குவின் அவளை மன்னிக்க மறுத்து ஒதுங்கி நிற்கின்றான். வாசித்து முடித்தபோது என் மனம் ரோஜரை மெச்சியது. அதே நேரத்தில் ஏதோ நெருடியது. அது என்னவென்று பிறகே புலப்பட்டது.

குவின் ஏழை. ஆங்கிலேயரைப் போல் பேசக் கற்றுத்தரும் இசைத்தட்டுகளை வாங்கி, கேட்பதற்கு இசைப்பெட்டிகூட இல்லாமல் ஒளித்து வைத்திருப்பவன். அந்த இரகசியத்தை அலிசனிடம் மட்டுமே சொன்னான். அவள் ரோஜரிடம் சொன்னாள். ரோஜர் அதை வைத்துக் குவினைக் குத்திக் கேலி செய்தான். தன் மொழியைப் பற்றியே நாணும்படி வளர்க்கப்பட்டவனின் நெஞ்சில் இதைவிடக் கூரிய ஈட்டி பாயக்கூடுமா? குவின் பதிலுக்கு ரோஜரின் தாயைப் பழித்து வாய்க்கு வந்தபடி பேசுவது உண்மை. அதை ரோஜர் விழுங்கிக்கொள்வதும் உண்மை. எனினும் ரோஜர் விழுங்கியது ஓரிரவின் வசவு. குவின் விழுங்கியிருப்பது ஒரு பிறவியின் வசவு. கோடைவீட்டின் சொந்தக்காரர்களுக்கு மன்னிப்பது எளிது. விடுமுறை முடிந்தால் காரில் ஏறிச் சென்றுவிடலாம்.

நாவல் வெளிவருதற்கு இரண்டாண்டு முன்னர், 1965இல், லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் தருவதற்காக வெல்ஷ் மொழி பேசும் கப்பல் கெலின் என்னும் ஊர் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வூர் கிரோனுவின் நாடாகிய பென்லின் பகுதியிலேயே இருந்தது. பள்ளியையும் தேவாலயத்தையும் இடுகாட்டையும் விட்டு மக்கள் வெளியேறினர். ஊராரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. கார்னர் இச்செய்தியைக் கதைக்குள் கொண்டுவரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்தில் வேல்ஸின் பள்ளத்தாக்கொன்றைக் களமாகக் கொண்டு, அவமானப்பட்ட வெல்ஷ் சிறுவனை மன்னிக்க இயலாதவனாகவும், ஆங்கிலச் சிறுவனை மன்னிக்க வல்லவனாகவும் முடித்தது நெருடாமல் எப்படியிருக்கும்?

கார்னருக்காக வாதிடுவோர், குவினைக் கசந்துபோனவனாகக் காட்டியதுதான் உண்மை, அவனை நல்லவனாக்கியிருந்தால் பொய்யாகியிருக்கும் என்பர். அவர் அநீதியை மறைக்கவில்லை. யார் யாரை எப்படிப் புண்படுத்தினர் என்பதை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டே முடிக்கின்றார் என்றும் சொல்வர். இரண்டும் சரியே. இருந்தும், கேட்கப்படாத பெண்ணுக்காகக் கதையைத் திருத்திய ஆசிரியர், கேட்கப்படாத பையனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கடைசிப் பக்கத்தில் அறையெங்கும் பூ மணம்; அலிசன் அமைதியாகிவிட்டாள்; எல்லாரும் ஆறுதலடைகின்றனர். தந்தை இன்னாரென்று அன்றுதான் தெளிவாய் அறிந்தவன், தாயின் பயமுறுத்தல் இன்னும் தீராதவன், இசைத்தட்டு இரகசியம் வெளிப்பட்டுவிட்டவன் அங்கேயே நிற்கின்றான். அவனிடம் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.